வீட்டுத் திருச்சபை (தொடக்கக் கிறித்தவம்)

வீட்டுத் திருச்சபை (வீட்டுச் சபை, இல்லத் திருச்சபை) என்பது கிறித்தவர்கள் வழிபாட்டிற்கெனத் தனிக் கட்டடம் இன்றி, உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் கூடி வழிபட்ட சமூகத்தைக் குறிக்கும். கி.பி. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ 250 ஆண்டுகள் கிறித்தவ வழிபாடு பெரும்பாலும் இவ்வாறே நடைபெற்றது. இன்று கோவில்களில் நிகழும் நற்கருணை வழிபாடு, மறைநூல் வாசகம், மறையுரை, காணிக்கை சேகரிப்பு ஆகியவற்றின் தொடக்க வடிவங்கள் வீட்டுக் கூடங்களிலும் மாடி அறைகளிலும் உணவு மேசையைச் சுற்றியும் உருவாயின.

இக்கட்டுரை உரோமைப் பேரரசில் இருந்த தொடக்ககால வீட்டுச் சபைகளைப் பற்றியது. பிற்காலத்தில் தோன்றிய இத்தகைய சபைகள் இறுதியில் சுருக்கமாகக் குறிப்பிடப்படுகின்றன.

பெயர்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் "ஒருவருடைய வீட்டில் கூடும் சபை" என்னும் பொருள்படும் சொற்றொடர் நான்கு இடங்களில் வருகிறது (உரோமையர் 16:5; 1 கொரிந்தியர் 16:19; கொலோசையர் 4:15; பிலமோன் 2). இதில் "சபை" என்பதற்கு வழங்கும் கிரேக்கச் சொல் எக்கிளேசியா என்பதாகும். இது முதலில் கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடி முடிவெடுத்த மன்றத்தைக் குறித்த அரசியல் சொல். அம்மன்றத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருக்கவில்லை. கிறித்தவர்கள் அதே சொல்லைத் தங்கள் கூட்டத்துக்குச் சூட்டிக்கொண்டபோது, அந்தக் கூட்டத்தில் பெண்களும் அடிமைகளும் இருந்தனர்.

"வீடு" என்பதற்குரிய ஓய்கோசு என்னும் கிரேக்கச் சொல் கட்டடத்தை மட்டுமன்றி அதில் வாழ்வோரையும் குறிக்கும். தமிழில் "அந்த வீட்டில் பெண் எடுத்தார்கள்" என்னும்போது வீடு என்பது குடும்பத்தைக் குறிப்பதை இதனோடு ஒப்பிடலாம். எனினும் உரோமை உலகின் "வீடு" இன்றைய குடும்பத்தைவிடப் பெரியது. தலைவர், தலைவி, பிள்ளைகள், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், தலைவரைச் சார்ந்து வாழ்ந்த தொழிலாளர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர்.

புதிய ஏற்பாட்டில் வீட்டுச் சபைகள்

இயேசுவின் சீடர்கள் எருசலேமில் கோவிலுக்குச் செல்வதையும் வீடுகளில் அப்பம் பிட்பதையும் ஒருசேரச் செய்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (2:46). அதாவது, வீட்டு வழிபாடு தொடக்கத்தில் யூதக் கோவில் வழிபாட்டிற்கு மாற்றாக எழவில்லை. அதனோடு இணைந்தே இருந்தது. பெயர் குறிப்பிடப்படும் சில வீடுகள் பின்வருமாறு:

- யோவான் மாற்குவின் தாய் மரியாவின் வீடு, எருசலேம். பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டியபோது உள்ளே பலர் கூடி மன்றாடிக்கொண்டிருந்தனர் (திருத்தூதர் பணிகள் 12:12).
- லீதியாவின் வீடு, பிலிப்பி. இவர் தியத்திரா நகரைச் சேர்ந்த செந்நிற ஆடை வணிகர் (திருத்தூதர் பணிகள் 16:14-15, 40).
- பிரிஸ்கா, அக்கிலா இணையரின் வீடு. கூடாரம் செய்யும் தொழிலாளரான இவர்கள் கிலவுதியு மன்னனின் ஆணையால் உரோமையை விட்டு வெளியேறிக் கொரிந்தில் குடியேறியவர்கள். பின்னர் எபேசிலும், மீண்டும் உரோமையிலும் இவர்கள் வீட்டில் சபை கூடியது.
- காயுவின் வீடு, கொரிந்து. "சபை முழுவதற்கும்" விருந்தோம்பியவர் என்று இவரைப் பவுல் குறிப்பிடுகிறார் (உரோமையர் 16:23). அவ்வூரில் சிறு குழுக்கள் பலவும், அவை அனைத்தும் ஒன்றுகூடிய பெரிய கூட்டமும் இருந்தன என்று இதிலிருந்து ஆய்வாளர் பலர் உய்த்துணர்கின்றனர்.
- நிம்பாவின் வீடு, லவோதிக்கேயா பகுதி (கொலோசையர் 4:15).
- பிலமோனின் வீடு. தம்மிடமிருந்து பிரிந்து சென்ற ஒனேசிம் என்னும் அடிமையை அன்புக்குரிய சகோதரனாக ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் இவருக்கு எழுதினார். அம்மடல் பிலமோனுக்கு மட்டுமன்றி, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் முகவரியிடப்பட்டுள்ளது. ஆகவே தலைவர் என்ன முடிவு எடுக்கிறார் என்பதைச் சபையும் அறிந்திருக்கும்.

வீடு அல்லாத இடங்களிலும் கூட்டங்கள் நடந்தன. எபேசில் பவுல் திரன்னு என்பவரின் கல்விக்கூடத்தில் நாள்தோறும் உரையாடினார் (திருத்தூதர் பணிகள் 19:9). துரோவாவில் மூன்றாம் மாடி அறையில் நள்ளிரவு வரை நீண்ட கூட்டத்தில், சன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் தூங்கிக் கீழே விழுந்தார் (திருத்தூதர் பணிகள் 20:7-12). தொடக்கக் கிறித்தவர்கள் ஏறக்குறைய வீடுகளில் மட்டுமே கூடினர் என்னும் பொதுக் கருத்தை எட்வர்ட் ஆடம்சு என்னும் ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட நூலில் மறுத்துள்ளார். கடைகள், பட்டறைகள், வாடகைக் கூடங்கள், தோட்டங்கள் ஆகியவையும் கூடும் இடங்களாக இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

வீட்டின் அமைப்பும் சபையின் அளவும்

உரோமை நகரங்களில் செல்வரின் தனிவீடும், ஏழைகள் வாடகைக்கு வாழ்ந்த பல மாடிக் குடியிருப்பும் அருகருகே இருந்தன. தனிவீட்டில் முற்றமும் அதை ஒட்டி உணவறையும் இருக்கும். உணவறையில் மூன்று பக்கமும் சாய்விருக்கைகள் போடப்பட்டு, ஒவ்வொன்றிலும் மூவராக ஒன்பது பேர் சாய்ந்து உண்பது வழக்கம்.

செரோம் மர்பி-ஓ'கானர் என்னும் அறிஞர் 1983இல் வெளியிட்ட நூலில், கொரிந்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீட்டின் அளவுகளைக் கொண்டு, அத்தகைய வீட்டில் ஏறத்தாழ 50 பேர் மட்டுமே நெருக்கமாகக் கூட முடிந்திருக்கும் என்று கணக்கிட்டார். உணவறையில் ஒன்பது பேருக்கு இடம் கிடைத்தால் எஞ்சியோர் முற்றத்தில் இருந்திருக்க வேண்டும். இக்கணக்கு பரவலாக எடுத்தாளப்பட்டது. ஆனால் முதல் நூற்றாண்டுக் கிறித்தவருள் அத்தகைய மாளிகை உடையோர் இருந்தார்களா என்ற கேள்வியும் எழுந்தது. பெரும்பாலோர் பட்டறைகளின் மேல்மாடியிலும் வாடகை அறைகளிலும் கூடியிருப்பர் என்று இராபர்ட் சூவெட், டேவிட் ஓரல் முதலியோர் கருதுகின்றனர். அவ்வாறாயின் ஒரு குழுவின் அளவு இன்னும் சிறிதாகவே இருந்திருக்கும்.

பொது உணவும் கொரிந்துச் சிக்கலும்

வீட்டுச் சபையின் மையம் உணவு. தொடக்கத்தில் நற்கருணை என்பது தனிச்சடங்காக அன்றி, வயிறார உண்ணும் ஒரு மாலை உணவின் பகுதியாக இருந்தது. அப்பமும் திராட்சை இரசமும் அந்த உணவுக்குள்ளேயே நன்றி மன்றாட்டுடன் பகிரப்பட்டன.

இவ்வாறு வீட்டில், உணவு வேளையில் வழிபடுவது ஒரு கடினமான சிக்கலை உருவாக்கியது. உரோமைப் பண்பாட்டில் விருந்து என்பது சமூகத் தகுதியைக் காட்டும் இடம். தகுதி மிக்க விருந்தினருக்கு நல்ல உணவும் நல்ல இடமும், தாழ்ந்தோர்க்கு மட்டமான உணவும் அளிப்பதை அக்கால எழுத்தாளர்களே நையாண்டி செய்துள்ளனர். கொரிந்துச் சபையில் இதே வழக்கம் புகுந்தது. வசதி படைத்தவர்கள் முன்னதாகவே உண்ணத் தொடங்கினர். நாள் முழுதும் உழைத்துவிட்டுத் தாமதமாக வந்த அடிமைகளும் கூலியாட்களும் பட்டினியாக இருந்தனர். ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் குடிமயக்கத்தில் இருந்தார் என்று பவுல் கண்டிக்கிறார் (1 கொரிந்தியர் 11:17-34). இப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்பது அவர் முடிவு. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார்.

இப்பகுதியைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த செருமானிய அறிஞர் கெர்ட் தைசன், இச்சிக்கல் இறையியல் கருத்து வேறுபாட்டால் எழுந்ததன்று, சபையில் இருந்த செல்வருக்கும் ஏழைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டால் எழுந்தது என்று விளக்கினார். விருந்தளிப்பவரின் வீட்டு ஒழுங்கைப் பின்பற்றுவதா, சபையின் ஒழுங்கைப் பின்பற்றுவதா என்னும் இக்கேள்வி வீட்டுச் சபையின் வரலாறு முழுவதும் தொடர்ந்தது.

வழிபாட்டு முறை

முதல் நூற்றாண்டு வழிபாட்டின் முழு ஒழுங்கு எழுத்தில் இல்லை. கூடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாடலையோ போதனையையோ வெளிப்பாட்டையோ கொண்டு வந்தனர் என்று பவுல் குறிப்பிடுகிறார் (1 கொரிந்தியர் 14:26). எருசலேம் ஏழைகளுக்கான நிதிக்கு வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் இயன்றதைச் சேர்த்துவைக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். திருப்பாடல், மன்றாட்டு, மறைநூல் வாசகம் ஆகிய மரபுகள் யூதத் தொழுகைக்கூடத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தன.

தொடக்ககாலச் சபைகளின் நடைமுறையைக் காட்டும் மற்றொரு நூல் டிடாக்கே என்பதாகும். இதன் கையெழுத்துப் படி 1873இல் கான்சுடான்டிநோபிளில் கண்டறியப்பட்டு 1883இல் அச்சேறியது. உணவுக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டிய மன்றாட்டுகளோடு, ஊர் ஊராகச் செல்லும் போதகர்களை வீட்டில் எவ்வாறு ஏற்பது என்பதையும் இது கூறுகிறது. அவ்வாறு வருபவர் ஒரு நாள், தேவையானால் இரு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது அப்பம் தவிர வேறு எதையும் பெறலாகாது. பணம் கேட்பவரும் போலியே. விருந்தோம்பலை நம்பி இயங்கிய சபைகள் ஏமாற்றப்பட்டிருந்தன என்பதை இவ்விதிகள் காட்டுகின்றன.

உரோமை அரசு ஆவணங்களில் மிக முக்கியமானது பித்தினியாவின் ஆளுநர் இளைய பிளினி ஏறத்தாழ கி.பி. 112இல் பேரரசர் திராயானுக்கு எழுதிய மடல். கிறித்தவர்கள் ஒரு குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறித்துவைக் கடவுளாகப் போற்றி மாறிமாறிப் பாடினர் என்றும், திருட்டு, விபசாரம் முதலியவற்றைச் செய்வதில்லை என்று உறுதி பூண்டனர் என்றும், பின்னர் மீண்டும் கூடித் தீங்கற்ற எளிய உணவை உண்டனர் என்றும் அவர் விசாரணையில் அறிந்தார். இதனை உறுதிசெய்ய அவர் இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையில் "பணியாளர்" என்னும் பொறுப்பில் அவர்கள் இருந்தனர் என்பதையும் அம்மடலே கூறுகிறது. அடிமையாக இருந்த பெண்களும் சபைப் பொறுப்பு வகித்தனர் என்பதற்கு இது வலுவான சான்று.

ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் எழுதிய யுசுதின், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைப் பின்வரும் ஒழுங்கில் விவரிக்கிறார்:

1. நகரிலும் நாட்டுப்புறத்திலும் வாழ்வோர் ஓரிடத்தில் கூடுவர்.
2. திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் நூல்களோ நேரம் இடங்கொடுக்கும் வரை வாசிக்கப்படும்.
3. தலைமை தாங்குபவர் அறிவுரை வழங்குவார்.
4. அனைவரும் எழுந்து நின்று மன்றாடுவர்.
5. அப்பமும், நீர் கலந்த திராட்சை இரசமும் கொண்டுவரப்பட்டு நன்றி மன்றாட்டு சொல்லப்படும். மக்கள் "ஆமென்" என்பர்.
6. அனைவரும் பகிர்ந்துகொள்வர். வர இயலாதோர்க்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்வர்.
7. வசதி உடையோர் தரும் காணிக்கை தலைவரிடம் ஒப்படைக்கப்படும். அதைக் கொண்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் உள்ளோர், வழிப்போக்கர் ஆகியோர் பராமரிக்கப்படுவர்.

இந்த ஒழுங்கில் வயிறார உண்ணும் உணவு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் நூற்றாண்டில் நற்கருணை படிப்படியாக உணவிலிருந்து பிரிந்தது. பொது உணவு "அகாபே" (அன்பு விருந்து) என்னும் பெயரில் தனியாகத் தொடர்ந்தது. யுசுதின் கைது செய்யப்பட்டபோது, எங்கே கூடுகிறீர்கள் என்று உரோமை ஆட்சியாளர் கேட்டார். தாம் ஒரு குளியல் மண்டபத்தின் மேல் குடியிருப்பதாகவும், தம்மிடம் வர விரும்புவோர் அங்கு வருவதாகவும் அவர் விடையளித்தார். ஏறத்தாழ கி.பி. 165இல் அவர் கொல்லப்பட்டார்.

பெண்களும் அடிமைகளும்

வீடு உரோமைச் சமூகத்தில் பெண்ணின் ஆளுகைக்கு உட்பட்ட இடம். வழிபாடு வீட்டில் நடந்ததால் வீட்டுத் தலைவியான பெண் சபையிலும் முதன்மை பெற்றார். மரியா, லீதியா, பிரிஸ்கா, நிம்பா ஆகியோர் இதற்குச் சான்று. பிரிஸ்காவின் பெயர் பல இடங்களில் கணவர் பெயருக்கு முன் வருகிறது. நிம்பா என்னும் பெயர் கிரேக்க எழுத்து வடிவில் ஆணையும் குறிக்கலாம். எனவே சில கையெழுத்துப் படிகள் "அவளுடைய வீடு" என்றும் சில "அவனுடைய வீடு" என்றும் எழுதின. "அவளுடைய" என்பதே மூலப் பாடம் எனப் பெரும்பாலான இன்றைய பதிப்பாசிரியர்கள் கொள்கின்றனர்.

அடிமைகளின் நிலை சிக்கலானது. வீட்டுத் தலைவர் திருமுழுக்குப் பெற்றபோது அவர் "வீட்டார் அனைவரும்" பெற்றனர் என்று புதிய ஏற்பாடு பல இடங்களில் கூறுகிறது. அதில் அடிமைகளின் விருப்பம் கேட்கப்பட்டதா என்று அந்நூல்கள் கூறவில்லை. மறுபுறம், கிறித்தவர் அல்லாத தலைவர்களுக்கு உட்பட்ட அடிமைகளும் தாமாகவே சபையில் சேர்ந்தனர். தலைவரும் அடிமையும் ஒரே அப்பத்தில் பங்குபெற்றாலும், கூட்டம் முடிந்தபின் அடிமை அடிமையாகவே வீடு திரும்பினார். அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும், தலைவர்கள் நீதியோடு நடத்த வேண்டும் என்னும் அறிவுரைகள் (கொலோசையர் 3:22-4:1) இந்த இறுக்கத்தைப் புலப்படுத்துகின்றன.

தலைமை

வீட்டு உரிமையாளரே பெரும்பாலும் கூட்டத்தின் காப்பாளராகவும் இருந்தார். இதனால் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இருந்தது. யோவானின் மூன்றாம் மடலில் வரும் தியோத்திரபு என்பவர் மடலாசிரியர் அனுப்பிய சகோதரர்களை ஏற்க மறுத்ததோடு, ஏற்க விரும்பியோரையும் தடுத்துச் சபையிலிருந்து விலக்கினார்.

ஒரு நகரின் பல வீட்டுக் குழுக்களை ஒரே ஆயரின் கீழ் இணைக்கும் முயற்சி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. அந்தியோக்கியா இஞ்ஞாசியார் தம் மடல்களில், ஆயரோ அவரால் பணிக்கப்பட்டவரோ நிறைவேற்றும் நற்கருணையே செல்லத்தக்கது என்று வலியுறுத்தினார். ஆயராக வருபவர் தம் சொந்த வீட்டை நன்கு நடத்துபவராக இருக்க வேண்டும் என்று 1 திமொத்தேயு 3:4-5 கூறுவதில் வீட்டின் செல்வாக்கைக் காணலாம். தலைமை அலுவலகப் பொறுப்பாக மாறிய இக்காலத்தில் வீட்டுத் தலைவியரின் இடம் சுருங்கியது.

ஐயங்களும் துன்புறுத்தலும்

பூட்டிய கதவுக்குள், இரவிலோ விடியுமுன்னோ நடந்த கூட்டங்கள் அக்கம்பக்கத்தாரிடம் ஐயத்தை எழுப்பின. "உடல்", "இரத்தம்" என்னும் சொற்களைக் கேட்டோர் இவர்கள் மனித இறைச்சி உண்கின்றனர் என்றும், ஒருவரையொருவர் "சகோதரர்", "சகோதரி" என அழைத்ததைக் கேட்டோர் முறையற்ற உறவு கொள்கின்றனர் என்றும் பழிசுமத்தினர். கி.பி. 177இல் லியோன் நகரில், சித்திரவதைக்கு அஞ்சிய வீட்டு அடிமைகள் சிலர் தம் கிறித்தவத் தலைவர்கள்மீது இக்குற்றச்சாட்டுகளைப் பொய்யாகச் சொல்லினர். வீட்டுச் சபைக்கு அதன் அடிமைகளின் வாய்மொழியே பேரிடராகவும் ஆகக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

கி.பி. 303 பெப்ரவரியில் பேரரசர் தியோக்கிளேசியன் கிறித்தவக் கூடங்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். அதே ஆண்டு மே 19 அன்று வட ஆப்பிரிக்காவின் கீர்த்தா நகரில் (இன்றைய அல்சீரியாவின் கான்சுடன்டைன்) கிறித்தவர்கள் கூடிய வீட்டில் அதிகாரிகள் நடத்திய சோதனையின் பதிவு எஞ்சியுள்ளது. அப்பட்டியலில் 2 பொற்கிண்ணங்கள், 6 வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள் ஆகியவற்றோடு பெண்களுக்கான 82 மேலாடைகள், 38 முக்காடுகள், ஆண்களுக்கான 16 மேலாடைகள், 13 இணை ஆண் காலணிகள், 47 இணை பெண் காலணிகள் ஆகியன உள்ளன. இவை ஏழைகளுக்கு வழங்கச் சேர்த்துவைக்கப்பட்டவை என்று கருதப்படுகிறது. உணவறையில் சாடிகளும் பீப்பாய்களும் இருந்தன. நூல் அலமாரிகள் வெறுமையாக இருந்தன. நூல்களை வாசகர்கள் தத்தம் வீடுகளில் வைத்திருந்தனர். அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று அவற்றைப் பறித்தனர். இவ்வாறு நூல்களை ஒப்படைத்தோரை மீண்டும் ஏற்பதா என்னும் பூசல் பின்னர் வட ஆப்பிரிக்கத் திருச்சபையைத் தோனாத்தியர் பிளவாக இரண்டாக்கியது.

தொல்லியல் சான்றுகள்

துரா-யூரோப்போசு

உறுதியாக அடையாளம் காணப்பட்ட மிகப் பழைய வீட்டுத் திருச்சபை சிரியாவில் யூப்பிரட்டீசு ஆற்றங்கரையில் உள்ள துரா-யூரோப்போசு நகரில் உள்ளது. 1920இல் பிரித்தானியப் படைவீரர்கள் தற்செயலாக இந்நகரின் சுவரோவியங்களைக் கண்டனர். 1928 முதல் 1937 வரை யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சுக் கழகமும் இங்கு அகழாய்வு நடத்தின. 1932இல் கிறித்தவக் கட்டடம் வெளிப்பட்டது.

முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த சாதாரண வீடு இது. சுவர்ப் பூச்சில் கீறப்பட்ட எழுத்து கி.பி. 232-233ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சில ஆண்டுகளில் வீடு வழிபாட்டிற்கென மாற்றப்பட்டது. இரு அறைகளுக்கு இடைப்பட்ட சுவர் நீக்கப்பட்டு ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள கூடம் உருவானது. அதன் கிழக்குக் கோடியில் ஒரு சிறு மேடை கட்டப்பட்டது. மற்றோர் அறை திருமுழுக்கு அறையாயிற்று. அதில் தூண்கள் தாங்கும் விதானத்தின் கீழ்த் தொட்டி ஒன்று இருந்தது. சுவர்களில் நல்ல ஆயன், முடக்குவாதமுற்றவர் நலம்பெறுதல், இயேசுவும் பேதுருவும் கடல்மீது நடத்தல், கிணற்றருகே பெண், தாவீதும் கோலியாத்தும் முதலிய ஓவியங்கள் இருந்தன. கையில் ஒளியேந்தி வரும் பெண்களின் ஓவியம் இயேசுவின் கல்லறைக்குச் செல்வோரைக் குறிக்கிறது என்பது பொதுக் கருத்து. திருமண விருந்துக்குச் செல்லும் கன்னியரை அது குறிக்கிறது என்று மைக்கேல் பெப்பர்டு 2016இல் வாதிட்டார்.

ஏறத்தாழ கி.பி. 256இல் பாரசீகச் சசானியர் நகரை முற்றுகையிட்டனர். மதிலை வலுப்படுத்த உரோமை வீரர்கள் அதை ஒட்டிய தெருவையும் வீடுகளையும் மண்ணிட்டு நிரப்பினர். நகரம் வீழ்ந்து கைவிடப்பட்டது. அந்த மண்ணே ஓவியங்களைக் காத்தது. அதே தெருவரிசையில், வீட்டிலிருந்து மாற்றியமைக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடமும் மித்ரா வழிபாட்டிடமும் இருந்தன. வீட்டைக் கோவிலாக்குவது கிறித்தவர்க்கு மட்டும் உரிய வழக்கம் அன்று என்பது இதனால் தெளிவாகிறது. திருமுழுக்கு அறையின் ஓவியங்கள் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2011இல் தொடங்கிய சிரிய உள்நாட்டுப் போரின்போது கொள்ளையர் தோண்டிய குழிகளால் இத்தொல்லிடம் பெரும் சேதமடைந்தது.

மெகிதோ

2005இல் இசுரேலின் மெகிதோ சிறை வளாகத்தில் மொசைக் தளம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. உரோமைப் படை முகாமை அடுத்த குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் அறை இது. ஆய்வாளர்கள் இதனை மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியினது என்கின்றனர். வேறு சிலர் காலத்தைப் பிற்படுத்துகின்றனர். கையானு என்னும் நூற்றுவர் தலைவர் தம் செலவில் தளத்தை அமைத்தார் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. அகெப்தூசு என்னும் பெண் கடவுளாகிய இயேசு கிறித்துவுக்கு நினைவாக மேசையைக் காணிக்கையாக்கினார் என்று மற்றொன்று கூறுகிறது. மூன்றாவது, நான்கு பெண்களின் பெயர்களை நினைவுகூரச் சொல்கிறது.

கப்பர்நாகும்

கலிலேயாக் கடற்கரையில் உள்ள கப்பர்நாகுமில் 1968இல் தொடங்கிய அகழாய்வில், ஐந்தாம் நூற்றாண்டின் எண்கோணக் கோவிலுக்கு அடியில் எளிய மீனவர் குடியிருப்பின் அறை ஒன்று காணப்பட்டது. அதன் சுவர்கள் முதல் நூற்றாண்டிலேயே பூசப்பட்டுப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன என்றும், இது பேதுருவின் வீட்டில் கூடிய சபை என்றும் அகழ்ந்த பிரான்சிசுக்கன் துறவியர் முடிவுசெய்தனர். அவ்வளவு முற்பட்ட காலத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை.

வீட்டிலிருந்து கோவிலுக்கு

எல். மைக்கேல் ஒயிட் 1990இல் முன்வைத்த பகுப்பின்படி இம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. முதலில் எந்த மாற்றமும் செய்யாத குடியிருப்பு வீடு, பின்னர் துராவில் போல வழிபாட்டிற்கென மாற்றப்பட்ட "சபையின் வீடு", பின்னர் பெரிய கூடம், இறுதியில் பசிலிக்கா. எனினும் எல்லா ஊர்களிலும் இதே வரிசை இருந்தது என்று கொள்ளலாகாது. உரோமையின் பழைய பங்குக் கோவில்கள் பலவும் வீட்டுச் சபைகளின் மேல் எழுந்தவை என்னும் முன்னைய கருத்து இன்று பெரிதும் ஐயுறப்படுகிறது.

வீடு சபையின் சொத்தானபோது உரிமை வழக்குகளும் வந்தன. அந்தியோக்கியாவின் ஆயர் சமோசாத்தா பவுல் 268இல் பதவி நீக்கப்பட்ட பின்னும் சபையின் வீட்டை விட்டு வெளியேற மறுத்தார். வழக்கு கிறித்தவர் அல்லாத பேரரசர் அவுரேலியனிடம் சென்றது. இத்தாலியா, உரோமை ஆயர்கள் யாரோடு மடல் தொடர்பு வைத்துள்ளனரோ அவர்க்கே வீடு என்று அவர் ஏறத்தாழ 272இல் தீர்ப்பளித்தார்.

கி.பி. 313இல் கான்சுடன்டைனும் லிசினியுவும் வழிபாட்டுரிமை அளித்து, பறிக்கப்பட்ட கூடங்களைத் திருப்பித் தர ஆணையிட்டனர். அதன்பின் பேரரசின் ஆதரவுடன் பசிலிக்காக்கள் எழுந்தன. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம் இரு விதிகளை வகுத்தது. கோவிலில் அன்பு விருந்து நடத்தலாகாது என்பது ஒன்று (விதி 28). ஆயரோ மூப்பரோ வீடுகளில் நற்கருணை நிறைவேற்றலாகாது என்பது மற்றொன்று (விதி 58). நிம்பாவின் வீட்டில் சபை கூடிய அதே பகுதியிலேயே வீட்டு நற்கருணை இவ்வாறு தடைசெய்யப்பட்டது.

பிற்காலத்தில்

தடை இருந்த இடங்களிலும் புதுப்பித்தல் நாடிய காலங்களிலும் வீட்டுக் கூட்டங்கள் மீண்டும் தோன்றின.

- சப்பானில் 1614இல் கிறித்தவம் தடைசெய்யப்பட்ட பின், மறைந்து வாழ்ந்த கிறித்தவர்கள் குருக்கள் இன்றியே இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வீடுகளில் மன்றாட்டுகளையும் திருமுழுக்கையும் தொடர்ந்தனர். 1865இல் நாகசாகியில் அவர்கள் தங்களை வெளிப்படுத்திக்கொண்டனர்.
- செருமனியில் பிலிப் யாக்கோபு இசுபெனர் 1670இல் பிராங்க்பர்ட்டில் தம் இல்லத்தில் விவிலியக் கூட்டங்களைத் தொடங்கினார். இதிலிருந்து வளர்ந்த பக்தி இயக்கத்தின் மையமான ஆலே நகரில் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வேர்களில் ஒன்று இவ்வாறு வீட்டுக் கூட்டத்தோடு தொடர்புடையது.
- சீனாவில் 1966-1976 பண்பாட்டுப் புரட்சியின்போது பொதுக் கோவில்கள் மூடப்பட்டதால் வழிபாடு வீடுகளுக்குள் சென்றது. 1979 முதல் கோவில்கள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னும், அரசு ஏற்புடைய அமைப்பில் சேர மறுத்த சபைகள் "வீட்டுச் சபைகள்" என்றே அழைக்கப்படுகின்றன. இவற்றுள் பல நகரங்களில் வாடகை அலுவலகக் கூடங்களில் கூடின. 2018இல் திருத்தப்பட்ட சமய விவகார விதிகள் நடைமுறைக்கு வந்தபின் கட்டுப்பாடு கடுமையாயிற்று. செங்டு நகரின் ஒரு சபையின் போதகரான வாங் யீக்கு 2019 டிசம்பரில் 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.
- கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை "இல்லத் திருச்சபை" என்னும் பழஞ்சொல்லால் குறித்தது. தமிழகப் பங்குகளில் அண்டை வீட்டார் முறைவைத்து ஒருவர் இல்லத்தில் கூடும் சிறு குழுக்கள் "அன்பியம்" எனப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- நற்கருணை
- திருத்தூதர் பணிகள் (நூல்)
- துரா-யூரோப்போசு
- பசிலிக்கா
- மிலான் சாசனம்
- அன்பியம்